புவியியலில் என்னதான் ஆராய்ச்சி செய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டப்படிப்பு முடிக்கும்போதும், எம்.ஏ., எம்.எஸ்ஸி. சேரும்போதும், பிஎச்.டி.க்குத் தலைப்பு தேடும்போதும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

ஜியாகிராஃபின்னா மேப், தலைநகரம், மழையளவு மனப்பாடம்தானே? அதுல ஆராய என்ன இருக்கு?

மனப்பாடம் பள்ளியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புவியியல் கேட்பது இதுதான்: ஒன்று ஏன் இங்கே இருக்கிறது, ஏன் பக்கத்து ஊரில் இல்லை? இங்கே நடப்பதற்கு வேறெங்கோ நடக்கும் ஒன்று காரணமா? பின்னலாடை ஏன் திருப்பூரில் வேர்விட்டது, தோல் பதனிடுதல் ஏன் பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நிலைத்தது, அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு அதனால் என்ன ஆனது என்று கேட்டால் மூன்றுமே புவியியல் கேள்விகள்.

தமிழ்நாட்டில் இந்த ஆராய்ச்சிக்கு நீண்ட மரபும் உண்டு. 1926இல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் ஜியாகிராஃபிகல் அசோசியேஷன்தான் பின்னாளில் இந்தியன் ஜியாகிராஃபிகல் சொசைட்டி ஆனது. அதன் ஆய்விதழுக்கு ஏறக்குறைய நூறு வயது. பழைய இதழ்களைப் புரட்டினால் நம் ஊர்க் கிராமங்களையும் துறைமுகங்களையும் ஏரிகளையும் பற்றிய கட்டுரைகள் கிடைக்கும். தலைப்பு தேடுகிறவர்கள் அங்கேயிருந்து தொடங்கலாம்.

மொத்தம் எத்தனை பிரிவு இருக்கு? ஒரு லிஸ்ட் கொடுத்தா அதுல ஒண்ணை எடுத்துக்குவேன்.

பட்டியல் முடியாது. அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்தில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட சிறப்புக் குழுக்கள் இருக்கின்றன: காலநிலை, உயிர்ப்புவியியல், நீர், நகரம், வேளாண்மை, உடல்நலம், மதம், சுற்றுலா, வரைபடக்கலை, ஆற்றல், இன்னும் பல. பத்தாண்டுக்கு ஒருமுறை புதிது சேரும், பழையது ஒன்றோடொன்று கலக்கும்.

பழக்கத்தில் மூன்று பெரிய கூடாரங்கள் சொல்வார்கள். நிலம், நீர், காற்று, உயிரினம் பற்றிய இயற்கைப் புவியியல் ஒன்று, மக்கள், பொருளாதாரம், அரசியல், பண்பாடு பற்றிய மனிதப் புவியியல் இன்னொன்று, இடத் தகவலைக் கணினியில் கையாளும் ஜி.ஐ.எஸ்., செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் தொலையுணர்வு, இடம்சார் புள்ளியியல் எல்லாம் சேர்ந்த நுட்பப் பிரிவு மூன்றாவது. இன்று சூடாக நடக்கும் வேலையில் பெரும்பகுதி இந்தக் கூடாரங்களுக்கு இடையேதான் நடக்கிறது. அதனால் பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேள்வி தேடாதீர்கள். கேள்வி கிடைத்தால் அது எந்தப் பிரிவு என்பதை மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

புவியியலும் ஜியாலஜியும் ஒண்ணுதானே?

இல்லை. ஜியாலஜிக்காரர் பாறைக்குள் போவார். புவியியலாளர் பெரும்பாலும் மேற்பரப்பிலும், அதன் மேல் வாழ்கிறவர்களிடமும் நிற்பார். நிலத்தோற்றங்களை ஆராயும் புவிப்புறவியலில் இரண்டு பேரும் சந்திக்கிறார்கள். அங்கே சண்டை போட ஒன்றுமில்லை.

மலை, ஆறு எல்லாம் எப்பவோ படிச்சு முடிச்சாச்சே? இயற்கைப் புவியியல்ல புதுசா என்ன இருக்கு?

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் போனால் தேரிக்காடு இருக்கிறது; செக்கச்சிவந்த மணல் மேடுகள். அந்த மணல் எப்போது வந்து குவிந்தது, கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் காற்று அள்ளி வந்ததா, சிவப்பு எப்படி ஏறியது என்பதெல்லாம் இன்னும் பேசப்படுகிற விஷயங்கள். ஒளித்தூண்டல் முறை என்று ஒரு காலக்கணிப்பு வந்த பிறகு இந்த வேலை மாறிவிட்டது. குவார்ட்ஸ் மணல் துகள் மண்ணுக்குள் புதைந்த பிறகு சுற்றியுள்ள கதிரியக்கத்தின் ஆற்றல் அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. வெயில் பட்டால் அது அழிந்துவிடும். வெளிச்சமே படாமல் குழாயில் மணலை எடுத்துப்போய் ஆய்வகத்தில் அளந்தால், அந்தத் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை ஆயிரம் ஆண்டு ஆயிற்று என்று கணிக்கலாம். அதற்கு முன், கரித்துண்டோ சிப்பியோ கிடைக்காத மணல் மேட்டுக்கு வயது சொல்வது பெரும் பாடு.

கடற்கரை இன்னொரு பெரிய களம். சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துக்கொண்டே போனது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியதும் அதே கதை, நகரத்தின் கடற்கரையே காணாமல் போனது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினால் அரிப்பு இன்னும் வடக்கே, அடுத்த மீனவர் குப்பத்துக்கு நகர்கிறது.

இதை இயற்கைப் புவியியல் என்று மட்டும் எப்படிச் சொல்வது? மணலின் கணக்கு இயற்பியல். எந்தக் குப்பத்தின் முன் கல் கொட்டுவது என்பது அரசியல். இரண்டையும் ஒரே ஆய்வில் பிடிக்க வேண்டும் என்பவர்கள் 2014 வாக்கில் ‘விமர்சன இயற்கைப் புவியியல்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். பெயர் பயமுறுத்தினாலும் அவர்கள் சொல்வது நியாயமானது.

மனிதப் புவியியலுக்கும் சமூகவியல், பொருளியலுக்கும் என்ன வித்தியாசம்? அவங்களும் இதைத்தானே ஆராயறாங்க?

எல்லைக்கோடு மெல்லியதுதான், மறைக்க வேண்டியதில்லை. பொருளியலாளர் திருப்பூரின் ஏற்றுமதியையும் கூலியையும் கணக்கிடுவார். புவியியலாளர் ஷரத் சாரி, அந்தத் தொழில் அந்த மண்ணிலிருந்து எப்படி முளைத்தது என்று கேட்டார். கம்பெனி முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் அங்கேயே வேலை பார்த்த, எளிய விவசாயக் குடும்பத்துக் கவுண்டர்கள். ‘எங்கள் முதலீடு உழைப்பு’ என்று அவர்கள் சொன்னதை அவர் அப்படியே ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. கோவைப் பகுதியின் கிணற்றுப் பாசன விவசாயத்தில் ஆள் வைத்து வேலை வாங்கிய பழக்கம் பின்னலாடைக் கம்பெனிக்குள் எப்படி நுழைந்தது, ஆண்களுக்குக் கிடைத்த அந்த ஏணி பெண்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பின்தொடர்ந்தார்.

ஆக, ‘திருப்பூரில் ஓர் ஆய்வு’ என்று போட்டுவிட்டால் புவியியல் ஆகாது. திருப்பூர் என்ற இடமே விளக்கத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். உங்கள் கட்டுரையில் ஊர்ப் பெயரை அடித்துவிட்டு வேறு ஊரை எழுதினாலும் வாதம் அப்படியே நிற்கிறதா? அப்படியென்றால் இடத்தைப் பற்றி நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை.

யானை, குழந்தைங்க, பயம், வீட்டு வேலை... இதெல்லாம் புவியியல்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். 1970களிலிருந்தே இந்தக் கதவு திறந்துகொண்டு வருகிறது. ஈ-ஃபூ துவான் போன்ற புவியியலாளர்கள் ஓர் இடத்தோடு மனிதருக்கு ஏற்படும் பற்றைப் புவியியலுக்குள் கொண்டுவந்தார்கள். டொரீன் மாசி, ஓர் இடத்துக்கு ஒற்றை அடையாளம் கிடையாது, உலகம் முழுவதிலிருந்தும் வந்துசேரும் உறவுகளின் முடிச்சு அது என்று வாதிட்டார். பெண்ணியப் புவியியலாளர்கள் வந்து, ‘நீங்கள் படிக்கும் நகரத்தில் சமையலறையும் பேருந்து நிறுத்தமும் ஏன் இல்லை?’ என்று கேட்டார்கள். கேம்பிரிட்ஜில் இருக்கும் மான் பருவா, அஸ்ஸாம் யானைகளும் டெல்லிக் குரங்குகளும்கூடக் காட்டையும் நகரத்தையும் உருவாக்குகிற தரப்பினர் என்றே எடுத்து எழுதுகிறார்.

நமக்குப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு: 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மிச்சமான பணத்தைப் பொருளியலாளர் கணக்கிடலாம். சுவீடனின் டார்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் உருவாக்கிய காலப் புவியியல் வேறு ஒன்றைக் கேட்கும். காலை சமைத்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மாலை தண்ணீர் வருவதற்குள் வீடு திரும்ப வேண்டிய ஒரு பெண், அந்த இடைவெளிக்குள் எவ்வளவு தூரம் போய்வர முடியும்? டிக்கெட் இலவசமானதால் அந்த எல்லை விரிந்ததா, அல்லது ஊருக்கு இரண்டே டிரிப் வரும் பேருந்தால் அப்படியே நின்றதா? நல்ல பிஎச்.டி. ஒன்று இதில் இருக்கிறது. யாராவது எடுங்கள்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். எந்தச் சொல்லோடும் ‘புவியியல்கள்’ என்று ஒட்டிவிட்டு, உள்ளே இடமே இல்லாமல் எழுதப்படும் கட்டுரைகள் ஏராளம். முந்தைய பதிலில் சொன்ன ஊர்ப் பெயர்ச் சோதனையை அவற்றுக்கும் வைத்துப் பாருங்கள்.

ஜி.ஐ.எஸ். கத்துக்கிட்டா போதும், மத்ததெல்லாம் எதுக்கு?

வேலைக்கு ஓரளவு போதும். ஆராய்ச்சிக்குப் போதாது. மென்பொருள் எதைக் கொடுத்தாலும் வண்ணம் பூசித் தரும்; கேள்வி தவறாக இருந்தாலும் அழகாகவே பூசும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இடம்சார் தரவுக்கு என்றே சில தனிச் சிக்கல்கள் உண்டு, அவற்றை ஆராய்வதே ஒரு துறை. 1970இல் டெட்ராய்ட் நகர வளர்ச்சியைக் கணினியில் உருவகப்படுத்தியபோது புவியியலாளர் வால்டோ டோப்ளர் ஒரு விதி சொன்னார்: எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையவை, ஆனால் அருகில் இருப்பவை தொலைவில் இருப்பவற்றைவிட அதிகத் தொடர்புடையவை. சாதாரணமாகத் தோன்றும். ஆனால் வழக்கமான புள்ளியியல் முறைகள் ஒவ்வொரு கணக்கீட்டுப் புள்ளியும் தனித்து நிற்பதாக எடுத்துக்கொள்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் அப்படி நிற்பதில்லை. இதைக் கவனிக்காமல் ரெக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) போட்டு, இல்லாத உறவை ‘மிகவும் குறிப்பிடத்தக்கது’ என்று எழுதிய ஆய்வேடுகள் நம் நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன.

சாஃப்ட்வேர் வாங்க காசில்லை, படம் வாங்கவும் காசில்லை. என்ன செய்ய?

இன்று இது சாக்குப்போக்கு. கியூஜிஸ் என்ற ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம்பிடிக்கின்றன. முன்பு ஒரு படத்துக்கே நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டியிருந்தது, 2008இல் அந்தக் களஞ்சியத்தை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்துதான் ஒரே இடத்தின் பல ஆண்டுப் படங்களை அடுக்கிப் பார்க்கும் ஆராய்ச்சியே வெடித்துக் கிளம்பியது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர், அதுவும் இலவசம். இஸ்ரோவின் புவன் என்ற வரைபட இணையதளம் 2009 முதல் இருக்கிறது. பஸ் செலவும், களத்தில் கிடப்பதற்கான பொறுமையும்தான் இப்போது உண்மையில் தட்டுப்பாடு.

2011க்கு அப்புறம் சென்சஸே இல்லையே? அதை வெச்சு என்ன ஆராய்றது?

பெரிய தலைவலிதான். 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்பு 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது, சாதிவாரிக் கணக்கோடு. அதற்குள் நிலம் மாறிவிட்டது. 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. ‘தென்காசி மாவட்டம், 2011–2027’ என்று ஒப்பிட வேண்டுமானால் 2011 தரவைத் தாலுகா, கிராம அளவில் பிரித்து எடுத்து, புதிய எல்லைக்குள் மறுபடி கூட்ட வேண்டும். அப்போதும் தாலுகா எல்லைகளே மாறியிருக்கலாம். இந்தச் சலிப்பான வேலையை ஒழுங்காகச் செய்து தரவைப் பொதுவில் வைப்பதே ஓர் ஆராய்ச்சிப் பங்களிப்பு.

சென்சஸ் ‘நகரம்’ என்று சொல்வதையும் கேள்வி கேளுங்கள். மக்கள்தொகை குறைந்தது 5,000, சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால், ஊராட்சியாகவே இருந்தாலும் சென்சஸ் நகரம். கேரளத்தில் 2001இல் 99ஆக இருந்த இந்த நகரங்கள் 2011இல் 461 ஆயின. மாநிலத்தின் நகர மக்கள் பங்கும் 26 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 48க்குத் தாவியது. அவ்வளவு பேரும் நகரத்துக்குக் குடிபெயரவில்லை, இருந்த ஊரே வகை மாறியது. அளவுகோலில் ஆண்களின் வேலை மட்டும் எண்ணப்படுவதைக் கவனித்தீர்களா? பெண்ணியப் புவியியலாளர்கள் கேட்டது வெறும் தத்துவம் இல்லை.

தாலுகா அளவுல பண்ணலாமா, கிராம அளவுலயான்னு கைடு கேட்டாங்க. எதுல பண்ணா என்ன, ரிசல்ட் ஒண்ணுதானே?

ஒன்றாக வராது. இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 1979இல் புவியியலாளர்கள் ஸ்டான் ஓபன்ஷாவும் பீட்டர் டெய்லரும் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 99 கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்றவை) எடுத்துக்கொண்டார்கள். முதியோர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சி வாக்கு விகிதத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தார்கள். கவுண்டிகளைப் பல விதமாகச் சேர்த்துப் பெரிய மண்டலங்களாக மாற்றிக்கொண்டே போனபோது, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய −1 முதல் +1 வரை எங்கு வேண்டுமானாலும் போனது. ஆட்களும் அதே, வாக்குகளும் அதே. கோடு போட்ட விதம் மட்டும் வேறு.

இதோடு ஒட்டியது இன்னொரு பொறி. 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்துக் காட்டியது: வெளிநாட்டில் பிறந்தோர் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம். அதனால் குடியேறியவர்கள் அதிகம் படித்தவர்களா? இல்லை, தனிநபர் அளவில் அவர்களின் எழுத்தறிவு குறைவு. எழுத்தறிவு அதிகம் இருந்த மாநிலங்களில் போய்க் குடியேறினார்கள், அவ்வளவுதான். ‘கருவுறுதல் விகிதம் குறைந்த மாவட்டங்களில் பெண் கல்வி அதிகம், ஆகவே படித்த பெண்...’ என்று மாவட்டத் தரவிலிருந்து ஆள் பற்றி எழுதத் தொடங்கும் இடத்தில் ராபின்சனை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவில் செய்வது என்பதற்குப் பதில்: உங்கள் காரணம் எந்த அளவில் இயங்குகிறதோ அந்த அளவில். ஏரிப் பாசனம் என்றால் ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு. ரேஷன் என்றால் கடை எல்லை. வெள்ளம் என்றால் நீர்ப்பிடிப்புப் பகுதி. முடிந்தால் இரண்டு அளவில் செய்து, முடிவு மாறுகிறதா என்று காட்டிவிடுங்கள். வைவாவில் பாதிக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும்.

அப்போ தொகுதி மறுவரையறையும் இதே பிரச்சினையா?

சரியாகப் பிடித்தீர்கள். தேர்தல் புவியியல் என்று தனிப் பிரிவே இருக்கிறது. இந்தியாவில் மக்களவை இடங்களை மாநிலங்களுக்குப் பிரிப்பதை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் 1976இல் நிறுத்திவைத்தார்கள், தமிழ்நாட்டுக்கு 39. மாநிலங்களுக்குள் இருக்கும் தொகுதி எல்லைகளை மட்டும் 2001 கணக்கெடுப்பை வைத்து 2008இல் மாற்றினார்கள். இடங்களின் எண்ணிக்கையைப் பற்றித்தான் ஊடகங்களில் வாதம். எந்தப் பட்டியல் சாதிக் குடியிருப்புகள் எந்தத் தொகுதியில் விழுகின்றன, எந்த நகரத்தின் ஓரம் எந்தக் கிராமத் தொகுதியோடு ஒட்டப்படுகிறது என்பதைப் பற்றிய ஆய்வு நம்மிடம் குறைவு. தரவு இருக்கிறது, எல்லைக்கோடும் இருக்கிறது.

மேப்னா உண்மைதானே? அதுல என்ன விமர்சனம்?

வரைபடம் தேர்ந்தெடுத்துச் சொல்கிறது. 1989இல் வரைபட வரலாற்றாளர் பிரையன் ஹார்லி எழுதியது முதல், யார் வரைந்தது, எதை விட்டது, யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பது ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. அதற்குப் சென்னையின் பரங்கிமலையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1802இல் வில்லியம் லாம்டன் அங்கேதான் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். கணிதச் சாதனை, சந்தேகமில்லை. மைசூர்ப் போரை முடித்த கையோடு வந்த சாதனை என்பதும் உண்மை.

இன்றைய எடுத்துக்காட்டு கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 1991இல் முதல் அறிவிக்கை, பிறகு 2011, 2019 என்று மாறியது. உயர் ஓதக் கோடு எங்கே வரையப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு நிலம் கட்டடம் கட்டத் தகுந்ததாகவோ தகாததாகவோ ஆகிறது. மீனவர்கள் வலை காயப்போடும் இடமும் படகு ஏற்றும் இடமும் அரசு வரைபடத்தில் பல நேரம் வெறும் வெள்ளையாக இருக்கும். சில ஊர்களில் மீனவர்களே ஜி.பி.எஸ். வைத்துத் தங்கள் பொது இடங்களை வரைந்து எதிர்வரைபடம் தயாரித்திருக்கிறார்கள். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: பழைய ஆவணங்களில் அது கழுவெளி, 2022 முதல் ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம், இடையில் எத்தனை வரைபடங்களில் எத்தனை பெயரோடு இருந்தது என்று தேடினாலே ஓர் அத்தியாயம் தேறும்.

ஆந்த்ரோபோசீனை நிராகரிச்சுட்டாங்களாமே? நான் அதுலதான் சினாப்சிஸ் எழுதியிருக்கேன்!

பதற வேண்டாம். ஆந்த்ரோபோசீன் என்பது மனிதச் செயல்களே பூமியை மாற்றுகிற காலத்துக்கு வைத்த பெயர். 2024 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது, நிலவியல் கால அட்டவணையில் அதை ஒரு முறையான சகாப்தமாகச் சேர்க்கும் முன்மொழிவு. கனடாவின் கிராஃபோர்டு ஏரிப் படிவை அடையாளமாக வைத்து 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கலாம் என்றார்கள், வாக்கெடுப்பில் தோற்றது. மனிதர்கள் பூமியை மாற்றவில்லை என்று யாரும் தீர்ப்பு சொல்லவில்லை.

புவியியலாளர்களுக்கு எப்போதுமே தேதிதான் சுவாரசியம். லண்டனின் சைமன் லூயிஸும் மார்க் மாஸ்லினும் 2015இல் 1610 என்ற ஆண்டைச் சொன்னார்கள். ஐரோப்பியர் வருகைக்குப் பின் அமெரிக்கக் கண்டங்களில் மக்கள் கோடிக்கணக்கில் மடிந்து, கைவிடப்பட்ட வயல்களில் காடு வளர்ந்து, காற்றில் கார்பன் டை ஆக்சைடு இறங்கியது பனிப்பாளத்தில் பதிவான ஆண்டு என்று வாதிட்டார்கள். எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில் யார் பொறுப்பு என்பதும் அடங்கியிருக்கிறது. சினாப்சிஸில் அந்த ஒரு பத்தியை மாற்றினால் போதும்.

சொந்த ஊரையே ஆய்வுக்கு எடுத்துக்கலாமா? ஈஸின்னு நினைக்கிறேன்.

எடுக்கலாம், ஈஸி இல்லை. எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்கள் என்பதை ஊர் உங்களுக்கு முன்னாலேயே அறிந்திருக்கும். ஊர்த் தெருக்காரர் ஒருவர் ஏரிப் பாசனம் பற்றிக் கேட்டால் கிடைக்கும் பதிலும், காலனித் தெருவிலிருந்து வந்தவர் கேட்டால் கிடைக்கும் பதிலும் வேறு. உங்களுக்குத் திறந்த வீடுகள் எவை, திறக்காத வீடுகள் எவை என்று ஆய்வேட்டில் எழுதுங்கள். அது பலவீனம் கிடையாது. சாதி இடத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு நீங்கள் எடுத்த முதல் தரவு அதுதான்.

ஃபீல்டுல எடுத்த ஜி.பி.எஸ். புள்ளிகளை அப்படியே மேப்ல போட்டுடலாமா?

கிணறு, பாலம், மழைமானி என்றால் போடலாம். வீடு, நோயாளி, பட்டா இல்லாத குடியிருப்பு, அரிய மூலிகை, யானை வழக்கமாகத் தண்ணீர் குடிக்கும் இடம் என்றால் யோசியுங்கள். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஐந்து வீடுள்ள குக்கிராமத்தில் ஒரு புள்ளியே பெயர்தான். கட்டத்துக்குள் கூட்டிக் காட்டுவது, புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைப்பது, வார்டு அளவில் மட்டும் வெளியிடுவது என்று வழிகள் இருக்கின்றன. தள்ளி வைத்திருந்தால் அதை எழுதிவிடுங்கள்.

‘ஜி.ஐ.எஸ். மற்றும் ஏ.எச்.பி. முறையில் ____ மாவட்ட நிலத்தடி நீர் வளமண்டலங்கள்’ — இந்தத் தலைப்பு ஓகேவா?

மாவட்டப் பெயரைக் காலியாக விட்டுக் கேட்டவர் ஒருவர் அல்ல. ஏ.எச்.பி. என்பது காரணிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எடை போடும் முறை. இதற்குச் சமையல் குறிப்பே இருக்கிறது. பாறை வகை, சரிவு, ஓடை அடர்த்தி, மண், மழை, நிலப்பயன்பாடு என்று அடுக்குகளைத் தயார்செய்து, அந்த முறையை உருவாக்கிய சாட்டியின் 1 முதல் 9 வரையான அளவில் ஒவ்வொன்றுக்கும் முக்கியத்துவம் கொடுத்து, கூட்டினால் ஐந்து வண்ணத்தில் படம் வரும். எடை போடுவது பெரும்பாலும் ஆய்வாளரும் கைடும்தான். படம் சரியா என்று கிணறுகளில் போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

நீரை விட வேண்டியதில்லை, கேள்வியை மாற்றுங்கள். தமிழ்நாட்டின் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறை. தண்ணீர் வெடிப்புகளில் நிற்கிறது. ஒரு வயலில் 900 அடியில் கிடைக்காதது பக்கத்து வயலில் கிடைக்கும். அப்படியென்றால் ஒரே ஒன்றியத்தில் யார் எத்தனை முறை போர்வெல் போட்டார்கள், எத்தனை பொய்த்தன, கடன் யார் தலையில் நின்றது, கிணற்றை விட்டவர்கள் நிலத்தை யாருக்கு விற்றார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஐந்து வண்ணப் படத்தை அதன் மேல் வையுங்கள். ‘நல்ல வளம்’ என்று பச்சை காட்டும் இடத்தில் எத்தனை போர்வெல் பொய்த்தன என்பது தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் என்றால் கேள்வியே வேறு: அங்கே சுண்ணாம்புக்கல், தண்ணீர் எளிதில் கிடைக்கும், ஆனால் தோட்ட உரமும் மலக்குழிகளும் சேர்க்கும் நைட்ரேட்டும் அதே எளிமையோடு கிணற்றுக்கு வரும். அங்கே போய் வளமண்டலப் படம் போடுவதில் அர்த்தமே இல்லை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எத்தனை மீட்டர் என்று அளக்க ஒரு டேப் எடுத்துப் போங்கள்.